நெகட்டிவ் சரி, டெஸ்ட் எப்போ எடுத்தீங்க?

இன்னிக்கு எபிசோடை ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்ல இருந்து ஆரம்பிக்கிறேன். ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு நண்பன் ஒருத்தன் ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பினான். ஹெச்.ஐ.வி. நெகட்டிவ். கீழே ஒரு வரி: "தப்பிச்சேன் மச்சான்." (அவன்கிட்ட கேட்டுட்டுதான் இதைச் சொல்றேன்.)

நான் திருப்பிக் கேட்டது ஒண்ணே ஒண்ணு. "ஆணுறை இல்லாம இருந்தது என்னிக்கு?"

"ஆறு நாள் முன்னாடி."

சிக்கல் அங்கதான். ஆறாம் நாள் எடுத்த டெஸ்ட் அந்த ராத்திரியைப் பத்தி எதுவும் சொல்லாது. கிருமி உடம்புக்குள்ள வந்திருந்தாலும், டெஸ்ட் தேடுற பொருள் ரத்தத்துல போதுமான அளவு சேர சில வாரம் ஆகும். இந்த இடைவெளிக்குப் பேர்தான் 'விண்டோ பீரியட்'. நரம்புல ரத்தம் எடுத்து லேப்ல செய்யற நாலாம் தலைமுறை டெஸ்ட், 18 முதல் 45 நாளுக்குள்ள ஹெச்.ஐ.வி.யைக் கண்டுபிடிக்கும். எதிர்ப்புப் பொருளை மட்டும் தேடுற டெஸ்ட்டுக்கு 23 முதல் 90 நாள் வரை ஆகலாம். அதனால டெஸ்ட் எடுக்கும்போதே "இது எந்த வகை? நான் மறுபடி எப்போ வரணும்?"னு கேட்டுடுங்க.

சரி, பாசிட்டிவ்னு வந்தா? அதுவும் ஒரே டெஸ்ட்ல முடிவாகாது. ஒரு கணக்குப் போடுவோம். நம்ம நாட்டுல பெரியவங்கள்ல சுமார் 1,000 பேருக்கு 2 பேருக்கு ஹெச்.ஐ.வி. இருக்கு. அப்போ 10,000 பேரை எடுத்துக்கிட்டா, 20 பேர். தொற்று இல்லாத 200 பேர்ல ஒருத்தருக்கு மட்டும் தப்பா பாசிட்டிவ் காட்டுற டெஸ்ட்னு வெச்சுக்குவோம். கேட்க நல்ல டெஸ்ட்தான். ஆனா மீதி 9,980 பேர்ல சுமார் 50 பேருக்கு அது தப்பா பாசிட்டிவ் காட்டும். நிஜம் 20, பொய் 50! இதனாலதான் அறிகுறி இல்லாத ஒருத்தருக்கு மூணு வெவ்வேறு கிட்ல பார்த்த பிறகுதான் அரசு மையங்கள்ல பாசிட்டிவ்னு உறுதி செய்யறாங்க. முதல் ரிப்போர்ட்டைப் பார்த்து வாழ்க்கையே போச்சுன்னு உட்கார வேண்டாம்.

அடுத்தது, எந்த டெஸ்ட்? ஹெச்.ஐ.வி. டெஸ்ட் சிபிலிஸைக் காட்டாது. அதுக்கு வி.டி.ஆர்.எல். மாதிரி தனி ரத்த டெஸ்ட் இருக்கு. கொனோரியா, கிளமிடியாவை சிறுநீர்லயோ, பஞ்சுக்குச்சியால எடுக்கிற மாதிரியிலயோதான் பார்ப்பாங்க. வாய்வழி, ஆசனவாய்வழி உறவு இருந்திருந்தா அந்த இடத்துல இருந்தும் மாதிரி எடுக்கணும். அதனால டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லணும்.

"எனக்குத்தான் ஒண்ணும் தெரியலையே"ன்னு சொல்றவங்க நிறைய. கிளமிடியா வந்த பெண்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அறிகுறியே இருக்காது. கவனிக்காம விட்டா கருக்குழாய் பாதிச்சு, பின்னாடி கருத்தரிக்கிறதுல சிக்கல் வரலாம். சரியா கண்டுபிடிச்சா ஆன்டிபயாடிக்ல குணமாகிடும்.

என் நண்பன் தவறவிட்டது இன்னொண்ணு. ஹெச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம்னு சந்தேகம் வந்தா, 72 மணி நேரத்துக்குள்ள தடுப்பு மருந்தை ஆரம்பிச்சு 28 நாள் சாப்பிடலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆறாம் நாள்ல அந்தக் கதவு மூடியிருந்தது.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள்ல 'நம்பிக்கை மையம்'னு போர்டு பார்த்திருப்பீங்க. அங்க ஹெச்.ஐ.வி. டெஸ்ட் இலவசம், ஆலோசகர் உட்கார்ந்து பேசுவாங்க. உங்க சம்மதம் இல்லாம டெஸ்ட் எடுக்கக் கூடாது, முடிவை ரகசியமா வெச்சுக்கணும்னு 2017ஆம் வருஷச் சட்டமே சொல்லுது. நேர்ல போகத் தயக்கமா இருந்தா 1097க்கு போன் பண்ணலாம், கட்டணம் கிடையாது.

நண்பன் 45 நாள் கழிச்சு மறுபடி போனான். ஹெச்.ஐ.வி. நெகட்டிவ். சிபிலிஸ் பாசிட்டிவ். இன்னொரு டெஸ்ட்லயும் உறுதியாச்சு. ஆரம்ப நிலைங்கறதால பென்சிலின் ஊசியோட சிகிச்சை முடிஞ்சது. ஊசியை விட அந்தப் பொண்ணுக்கு போன் பண்ணிச் சொன்னதுதான் அவனுக்குக் கஷ்டமா இருந்துச்சாம். ஆனா சொன்னான். அவளும் போய் டெஸ்ட் எடுத்தா.

முதல் ரிப்போர்ட்டோட அவன் நிம்மதியா தூங்கியிருந்தா, ரெண்டு பேருக்குமே தெரியாமப் போயிருக்கும். அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.