ஜீப் விளக்கும் எதிரே வருவோர் கண்ணும்

சென்ற பங்குனி மாதம், அமாவாசைக்கு முந்திய நாள் இரவு ஏழரை மணி அளவில், வானூர் வட்டத்துக் கிராமச் சாலை ஒன்றில் கூட்டுறவு அங்கத்தினர் இருவர் எதிரெதிரே வந்தனர். ஒருவர் நெசவாளர். சங்கத்தில் நூல் சிப்பம் பெற்று, அதைச் சைக்கிளின் பின்னே கட்டிக்கொண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். மற்றவர் விவசாயி. எட்டு மூட்டை மல்லாட்டையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, விடிந்ததும் திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் முதலில் நிற்கவேண்டும் என்னும் எண்ணத்துடன் புறப்பட்டிருந்தார். ஜீப்பின் ஒளி நெசவாளரின் கண்ணில் பாய்ந்தது. சாலையின் விளிம்பு எங்கே என்பது அவருக்குத் தெரியாமற் போயிற்று. சைக்கிள் ஓரத்து வாய்க்காலில் இறங்கியது. சிப்பம் சேற்றில் விழுந்தது. மணிக்கட்டு பிசகி, மூன்று வாரம் அவர் தறிக்குழியில் இறங்க இயலாதவரானார்.

ஜீப்பில் வந்தவர் உடனே வண்டியை நிறுத்தி, அவரைத் தூக்கி ஏற்றிக்கொண்டு வைத்தியரிடம் சேர்த்தார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இதில் எவரும் கெட்டவர் அல்லர். ஆயினும் சேற்றில் விழுந்த நூலின் விலையை யார் கொடுப்பது என்னும் கேள்வி எழுந்தது. நெசவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் அது விவாதத்திற்கு வந்த நாளில், கணக்கு ஆய்வின் பொருட்டு நாமும் அங்கே இருந்தோம். கையில் கட்டுடன் வந்திருந்த அந்த நெசவாளர் சொன்னது இன்னும் நம் செவியில் உள்ளது: “வெளிச்சம் வேணாம்னு நான் சொல்லலைங்க ஐயா. அது ரோட்டுக்குத்தானே? என் கண்ணுக்குள்ளே எதுக்கு வரணும்?”

இக்கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை. நாம் மோட்டார் நிபுணர் அல்லோம். திண்டிவனத்தில் பழகிய கை ஒருவர் விளக்குகளைக் கழற்றி அளந்து காட்ட, அருகே நின்று கண்டவற்றையும், பின்னர் படித்துச் சரிபார்த்தவற்றையும் எழுதுகிறோம்.

ஜீப் நம் நாட்டுக்குப் புதியதன்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்காகப் பிறந்த வண்டி அது. அந்தப் போர்க்கால ஜீப்பின் முன்விளக்குகள் கீல் வைத்துப் பொருத்தப்பட்டவை. இரவில் எஞ்சின் பழுதானால் விளக்கையே பின்புறம் திருப்பி எஞ்சினுக்கு வெளிச்சம் காட்டலாம். அந்தச் சௌகரியம் பின்வந்த வண்டிகளில் இல்லாமற் போனது நமக்குச் சற்று வருத்தமே. 1940களின் இறுதியில் மகீந்திரா கம்பெனியார் பம்பாயில் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கினர். 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய நலத் திட்டம் தொடங்கிய பிறகு, வட்டார அலுவலரின் ஜீப்பைக் காணாத கிராமம் அரிதாயிற்று. அவ்வண்டிகளின் காலம் இப்போது முடிந்துவிட்டது. 15 ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. ஆயினும் முன்னமே ஏலத்தில் போய்த் தனியார் கைக்கு வந்த பழைய ஜீப்புகள், சவுக்குத் தோப்பிலும் முந்திரிக் கொல்லையிலும் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. மேற்சொன்ன ஜீப்பும் நான்கு விவசாயிகள் பங்கு போட்டு வாங்கிய அத்தகையதொன்றே.

அதன் பழைய விளக்கு மங்கலானது. மங்கல் என்றால் சாதாரண மங்கல் அன்று. திருவக்கரைப் பக்கத்துக் கல்லுடைக்கும் இடங்களிலிருந்து வரும் லாரிகளின் புழுதியில், பத்தடிக்கு முன்னால் நிற்கும் மாடு தெரியாது என்றார்கள். ஆகவே பங்காளிகளில் ஒருவருடைய மகன், கைப்பேசி வழியே இரண்டு எல்.இ.டி. பல்புகளை வரவழைத்து, பழைய விளக்குக் கிண்ணத்திலேயே மாட்டிவிட்டார். வெள்ளை வெளேரென்று ஒளி வந்தது. எல்லோரும் மகிழ்ந்தனர். பன்னிரண்டு நாள் கழித்து அந்த விபத்து நேர்ந்தது.

எலக்ட்ரீஷியன் முதலில் செய்த காரியம், எல்.இ.டி. பல்புகளைக் கழற்றிவிட்டுப் பழைய பல்புகளையே மீண்டும் மாட்டியதாகும். “புதுசை அப்புறம் பார்க்கலாம் சார், பழசு ஏன் எரியலைன்னு மொதல்ல பார்ப்போம்” என்றார். எஞ்சின் ஓடும்போது பாட்டரியின் முனைகளில் மீட்டரை வைத்தார், 13.6 வோல்ட்டு காட்டியது. பிறகு விளக்கு எரியும்போது பல்பின் முனைகளிலேயே வைத்தார், 11 வோல்ட்டு. இடையில் 2.6 வோல்ட்டு காணாமற் போயிருந்தது.

இது சிறு குறையென்று அங்கத்தினர்கள் எண்ணவேண்டா. இழை எரியும் பல்பில் மின்னழுத்தம் நூற்றுக்குப் பத்துக் குறைந்தால், ஒளி ஏறக்குறைய முப்பது குறையும். 13.6 கிடைக்கவேண்டிய இடத்தில் 11 கிடைத்தால் ஒளி பாதியாகிவிடும். பல்பு பழுதில்லை, அதற்கு உணவு போய்ச் சேரவில்லை.

ஏன் சேரவில்லை என்பதற்கு நம் விவசாயிகளுக்கு விளக்கம் தேவையில்லை. ஏரி நிறைந்து நிற்கும், கடைமடை காயும். பாட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் டாஷ்போர்டு சுவிட்சுக்கு ஏறி, அங்கிருந்து காலால் மிதிக்கும் டிம்–பிரைட் சுவிட்சுக்கு இறங்கி, மெல்லிய பழைய கம்பியின் வழியே முன்பக்கம் சென்று, பல்பில் எரிந்து, பிறகு துருப்பிடித்த தகட்டின் வழியே பாட்டரிக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் களிம்பு. ஒவ்வொரு சுவிட்சின் உள்ளேயும் கரி. ஒவ்வொரு மடையும் தன் பங்கை எடுத்துக்கொண்டது. திரும்பும் வழியாகிய ‘எர்த்’தைப் பலரும் கவனிப்பதே இல்லை, இந்த வண்டியில் காணாமற் போன 2.6-இல் கிட்டத்தட்ட ஒரு வோல்ட்டு அங்கேதான் மறைந்திருந்தது.

பரிகாரம் ‘ரிலே’ எனப்படும் சிறு பெட்டி. நிலக்காரர் ஒவ்வொரு முறையும் மதகுக்கு நடந்து போவதில்லை. நீர்கட்டிக்குச் சொல்லி அனுப்புகிறார், அவர் மதகைத் திறக்கிறார். அதுபோலப் பழைய சுவிட்சின் வழியே ஒரு சிறு மின்னோட்டம் மட்டும் சென்று ரிலேயைத் தட்டி எழுப்பும். விளக்குக்கு வேண்டிய முழு மின்னோட்டமும் பாட்டரியிலிருந்து தடித்த புதுக் கம்பியில், குறுக்கு வழியில், நேரே பல்புக்குப் போகும். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலேக்கள் வேண்டும். ரிலேயின் அடியில் எண்கள் பொறித்திருக்கும்: 30 பாட்டரிக்கு, 87 விளக்குக்கு, 85-உம் 86-உம் தட்டி எழுப்பும் சுருளுக்கு. பாட்டரியை விட்டுக் கம்பி புறப்படும் இடத்திலேயே ஃபியூஸ் இருக்கவேண்டும். விளக்கருகே வைத்தால், நடுவில் கம்பி தேய்ந்து தகட்டைத் தொடும் நாளில் வண்டி தீப்பற்றும். ஒவ்வொரு விளக்கிலிருந்தும் பாட்டரியின் எதிர்முனை வரை தனியே ஓர் எர்த் கம்பி இழுத்துவிட வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் மீட்டர் பல்பின் முனையில் 13.2 காட்டியது. அதே பழைய பல்பு! ஜீப்பின் பங்காளிகள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

அதன் பின்னரே பல்பைப் பற்றிய பேச்சு. அவ்வண்டியில் இருந்தது 45/40 வாட் பழைய வகை. ஹாலஜன் வகையில் பெருவழக்காக உள்ளது 60/55 வாட் எச்–4 பல்பு. இரண்டின் பீடமும் வேறு. ஆகவே 7 அங்குலக் கிண்ணத்தையே கண்ணாடியுடன் மாற்றினர். மாற்றியதும் நல்லதே, பழைய கிண்ணத்தின் உட்பூச்சு கறுத்துப் போயிருந்தது. மங்கிய உட்பூச்சைத் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கலாம் என்று எவரும் முயல வேண்டா. துணியோடு பூச்சும் வந்துவிடும். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடலாகாது. விரலின் எண்ணெய் அங்கே படிந்து, சூட்டில் பல்பு விரைவில் கெடும். எண்ணெய்க் கையோடு பட்டைத் தொடாத நெசவாளர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

100/90 வாட் பல்பும் கடையில் கிடைக்கிறது. பங்காளிகளில் ஒருவர் அதையே கேட்டார். வேண்டாமென்று எலக்ட்ரீஷியன் மறுத்துவிட்டார், நாமும் அவர் பக்கமே. சூட்டில் பல்பு மாட்டும் ஹோல்டர் உருகும், பழைய வண்டியின் டைனமோ தளரும். எதிரே வருவோர் படும் பாடு தனி.

எல்.இ.டி. பல்பு செய்த பிழை என்ன? எச்–4 பல்பில் டிம் இழைக்குக் கீழே ஒரு சிறு உலோகக் கிண்ணி உண்டு. அது கீழ்நோக்கிப் போகும் ஒளியை மறைத்துவிடும். எனவே விளக்கின் மேற்பாதியில் பட்டுத் தரையை நோக்கித் திரும்பும் ஒளி மட்டுமே வெளிவரும். சுவரில் பார்த்தால் மேலே இருள், கீழே ஒளி, நடுவில் கத்தியால் வெட்டினாற்போன்ற கோடு. எல்.இ.டி. பல்பிலோ ஒளி இரு பக்கத்துத் தட்டையான சில்லுகளிலிருந்து பிறக்கிறது. இழை இருக்கவேண்டிய இடத்தில் அது மயிரிழை பிசகினாலும் கோடு கலைந்து ஒளி எங்கும் சிதறும். எல்.இ.டி.யே ஆகாது என்று நாம் சொல்லவில்லை. கிண்ணமும் கண்ணாடியும் எல்.இ.டி.க்கென்றே சேர்ந்து அமைந்த முழு விளக்குகள் உள்ளன, அவை நல்லவை. ஆனால் அவற்றை வாங்கும்போது இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கு உரியதா என்று பார்க்கவேண்டும். டிம் ஒளியின் கோடு நம் நாட்டு விளக்கில் இடப்புறம் சற்று மேலே ஏறி, சாலையோரத்தில் நடப்பவரைக் காட்டும். வலப்பக்கம் ஓட்டும் அமெரிக்காவுக்கெனச் செய்த விளக்கை இங்கே மாட்டினால், ஏறும் ஒளி எதிரே வருபவர் முகத்தில் படும். கூரைமேல் வைக்கும் நீண்ட விளக்குப் பட்டைகள் கொல்லைக்கு உரியவை. சாலையில் அவை எரிதல் ஆகாது.

இவையெல்லாம் முடிந்த பிறகும் ஒரு காரியம் எஞ்சியிருந்தது. நெசவாளரை வாய்க்காலில் தள்ளியதில் பெரும்பங்கு அதனுடையதே என்பது நம் கருத்து. விளக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதே அது.

எல்.இ.டி. மாட்டிய அன்று அந்த இளைஞர் விளக்கைச் சரியாகவே குறிபார்த்து வைத்திருக்கிறார். ஆனால் வண்டி காலியாக நின்றது. சிறிய ஜீப்பின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 80 அங்குலம், ஏறக்குறைய 2 மீட்டர். பின்னால் மூட்டை ஏறிப் பட்டை வில் 4 சென்டிமீட்டர் அமுங்கினால், மூக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு நிமிரும். நூற்றுக்கு ஒன்று தாழ்ந்திருந்த ஒளி, நூற்றுக்கு ஒன்று உயர்ந்துவிடும். விளக்கு தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், 50 மீட்டர் தூரத்தில் அந்த ஒளி 140 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். சைக்கிளில் அமர்ந்திருப்பவரின் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்பதை அங்கத்தினர்களே அளந்து பார்க்கலாம்.

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106-ஆம் விதியும் இதையே கருதுகிறது: 8 மீட்டர் தூரத்தில், வண்டியின் வலப்புறம் அரை மீட்டர் விலகி, 1.5 மீட்டர் உயரத்தில் கண் வைத்திருப்பவரைக் கூசச் செய்யாதவாறு விளக்கு தாழ்ந்திருக்க வேண்டும்.

ஆகவே ஒரு மாலைப் பொழுதில், சமதரையுள்ள சங்கக் கிடங்கின் முன்னே அந்த ஜீப்பை எட்டு மூட்டையுடனும், ஓட்டுபவர் இருக்கையில் ஆளுடனும் நிறுத்தினர். டயர்களில் காற்றுச் சரிபார்க்கப்பட்டது. சுவரிலிருந்து விளக்கு வரை 10 மீட்டர். விளக்கின் மைய உயரத்தைச் சுவரில் குறித்து, அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு இழுத்தனர். இருட்டியதும் டிம் போட்டு, விளக்கின் திருகைத் திருப்பி, ஒளியின் மேல்விளிம்பை அந்தக் கோட்டில் இறக்கினர். இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு, மறைக்கவேண்டியதில்லை. மூட்டையோடு சரியாக நிற்கும் விளக்கு, காலி வண்டியில் மூக்கு தாழ்ந்து 30 மீட்டருக்குமேல் எட்டாது. காலியாகத் திரும்பும்போது மெதுவாக வருவதற்கு நால்வரும் இசைந்தனர். எதிரே ஆளில்லாதபோது பிரைட் இருக்கவே இருக்கிறது.

ரிலே, கம்பி, கிண்ணம், பல்பு, கூலி எல்லாம் சேர்ந்து, எல்.இ.டி. பல்புகளுக்குக் கொடுத்த தொகையைவிடச் சற்று அதிகமாயிற்று. நூலின் விலையில் பாதியை ஜீப்பின் பங்காளிகள் தாமாகவே கொண்டுவந்து கட்டினர். மறுபாதியைத் தவணையில் பிடித்துக்கொள்ள நிர்வாகக் குழு தீர்மானித்தது. மூன்று வாரக் கூலி இழப்புக்கு எந்தத் தலைப்பிலும் தொகை இல்லை. அது நெசவாளரையே சார்ந்தது. அது சரியென்று நமக்குத் தோன்றவில்லை; பதிவேட்டில் நம் குறிப்பை எழுதியிருக்கிறோம்.

சுவரில் குறிபார்த்த அன்று அவரும் வந்திருந்தார். ஜீப்பைச் சாலையின் பக்கம் திருப்பச் சொல்லி, 50 மீட்டர் அப்பால் தம் சைக்கிளில் ஏறி நின்றுகொண்டார். ஒளி அவர் முழங்காலுக்குக் கீழே விழுந்தது. “இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க அண்ணே” என்றார். ஜீப் நெருங்கியது, ஒளி அவர் கண் வரை ஏறவில்லை. இன்னும் ஒருமுறை வரச்சொன்னார். பிறகு மணியை அடித்துவிட்டு வீட்டை நோக்கிப் புறப்பட்டார்.

கோடு கிடங்குச் சுவரில் அப்படியே உள்ளது. அடுத்த முறை வெள்ளையடிக்கும்போது அதை விட்டு அடிக்குமாறு காரியதரிசியிடம் சொல்லியிருக்கிறோம்.