தடுப்பூசிக்குள் என்ன கலந்தார்கள், எப்படிக் கலந்தார்கள்?

2021 நவம்பரில் இலங்கையில் மூன்றாவது கொரோனாத் தடுப்பூசி போடத் தொடங்கியபோது, பெரும்பாலானோருக்குக் கிடைத்தது பைசர். “உதுக்குள்ள என்னத்தைக் கலந்து வைச்சிருக்கிறாங்களோ” என்ற பேச்சை அப்போது பல இடங்களில் கேட்டேன். போரைக் கடந்து வந்தவர்களிடம் அந்தச் சந்தேகம் இருப்பதில் வியப்பில்லை. அது பதில் சொல்லப்பட வேண்டிய கேள்வி.

தேநீரில் சீனியைக் கரண்டியால் கலக்குகிறோம். நீர் சுழல்கிறது, சீனி பரவுகிறது. ஆனால் தலைமயிர் அளவு ஒடுக்கமான குழாயில் இது நடக்காது. 1883இல் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ், கண்ணாடிக் குழாயில் ஓடும் நீருக்குள் சாயத்தை விட்டுப் பார்த்தார். ஓட்டம் மெதுவாக இருந்தபோது சாயம் நூல்போல நேராகவே போனது. வேகம் கூடியபோதுதான் சுழிகள் தோன்றி நீரோடு கலந்தது. குழாய் ஒடுங்க ஒடுங்கச் சுழி உண்டாவது இன்னும் கடினம். இரண்டு திரவங்கள் அருகருகே ஓடும், ஆனால் கலக்காது.

அங்கே மூலக்கூறுகள் தாமாக ஊர்ந்து பரவுவது ஒன்றே வழி. 100 மைக்ரோமீற்றர் அகலத்தைக் கடக்க ஒரு புரதத்துக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் தேவை. அகலத்தைப் பாதியாக்கினால் நேரம் காற்பங்காகும். ஆகவே திரவங்களை மெல்லிய படைகளாக்குவதே சூட்சுமம். வீச்சு ரொட்டிக்கு மாவை இழுத்து மடிப்பதுபோலத்தான். 2002இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஏப்ரகாம் ஸ்ட்ரூக் குழுவினர், குழாயின் அடித்தளத்தில் மீன்முள் வடிவில் சிறு பள்ளங்களை வெட்டினார்கள். அவற்றின் மேலே ஓடும் திரவம் தானாகவே இழுபட்டு மடிந்து கலந்தது. இன்று ஆய்வுகூடங்களில் கொழுப்புத் துணிக்கைகள் செய்ய இந்த வடிவமும் பயன்படுகிறது.

தொழிற்சாலையில் பைசர் தடுப்பூசிக்கு வேறு வழி. ஆர்.என்.ஏ. கரைந்த நீரையும், நான்கு வகைக் கொழுப்புகள் கரைந்த அற்ககோலையும், நாணயம் அளவான ஒரு கலப்பிக்குள் வேகமாக மோதவிடுகிறார்கள். அற்ககோல் நீர்த்ததும் கொழுப்பு கரைந்திருக்க முடியாமல் ஆர்.என்.ஏ.யைச் சுற்றித் திரள்கிறது. கலப்பு மெதுவாக நடந்தால் துணிக்கைகள் பெரிதும் சிறிதுமாகிவிடும். விரைவாக நடந்தால் ஏறத்தாழ ஒரே அளவில், 100 நனோமீற்றருக்குக் குறைவாக அமையும். பெரிய கலப்பி செய்தால் இந்த ஒழுங்கு குலையும் என்பதால், சிறிய கலப்பிகளையே பக்கம் பக்கமாக வைத்து உற்பத்தியைக் கூட்டினார்கள். பின்னர் அற்ககோல் அகற்றப்படுகிறது.

ஆக, உள்ளே இருப்பவை ஆர்.என்.ஏ., நான்கு கொழுப்புகள், உப்புகள், சீனி, நீர். கொழுப்பு உறை இல்லாவிட்டால் ஆர்.என்.ஏ. நம் கலங்களைச் சேருமுன்னே சிதைந்துவிடும்.

சந்தேகப்படுபவரை அறியாதவர் என்று ஒதுக்குவது சுலபம். அவருக்குப் புரியும் தமிழில், பொறுமையாகப் பதில் சொல்வதுதான் கடினம். அடுத்த நோய் வருவதற்கு முன்பே அதைச் செய்யத் தொடங்கலாம்.