இல்லாத கைக்கு ஓர் ஆடி

நம் அலுவலக நண்பர் ஒருவர் தண்டவாளத்தில் இடக்கையை இழந்தார். கை போயிற்று, வலி போகவில்லை. இல்லாத விரல்கள் மடிந்து உள்ளங்கையைக் குத்துவதாக அவர் சொல்லியபோது, மனப்பிரமை என்றே எண்ணினோம். நம் அறியாமை!

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் வி. எஸ். இராமச்சந்திரன் அவ்வாறு எண்ணினாரல்லர். மாணவராயிருந்தபோதே, 1972-இல், கண்பார்வை பற்றிய அவரது கட்டுரையை இங்கிலாந்தின் 'நேச்சர்' இதழ் வெளியிட்டது. பின்னர் கலிபோர்னியாவில் பேராசிரியரானார். முகக்கண்ணாடியொன்றை நடுவே நிறுத்தி, நல்ல கையின் பிம்பத்தை இழந்த கையின் இடத்திற் காட்டினால், அக்கையே அசைவதாக மூளை கொள்கிறது. சிலருக்கு இறுக்கமும் தளர்கிறது. இதனை அவரும் டயான் ரோஜர்ஸ்-இராமச்சந்திரனும் 1996-இல் இலண்டன் இராயல் சங்க இதழில் எழுதினர்.

ஓர் ஆய்வுரையைப் பிறர் எத்தனை முறை எடுத்தாண்டனர் என்றெண்ணும் வழக்கம், 1964-இல் அமெரிக்கர் யூஜின் கார்ஃபீல்டு வெளியிட்ட அட்டவணையால் பரவியது. அக்கணக்கில் இவ்வுரை நூற்றுக்கணக்கில் ஏறியுள்ளது. ஆனால் மறுத்தெழுதியவனின் மேற்கோளும் அதில் ஒன்றே! வரவையும் செலவையும் ஒரே பத்தியிற் கூட்டும் பேரேட்டை எந்தத் தணிக்கையாளர் ஒப்புவார்?

ஞாயிறன்று, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, முலுண்டுக் கடைத்தெருவில் கண்ணாடி வாங்கி நண்பரின் மேசைமேல் நிறுத்தினோம். வெகுநேரம் அவர் பேசவேயில்லை.