ஆஷ் துரையைச் சுட்டது ஏன்?
வாஞ்சியின் பையில் இருந்த கடிதமும், ஊர் சொல்லும் கதைகளும்

1911-ம் ஆண்டு ஜூன் 17-ந் தேதி, சனிக்கிழமை. காலை மணி 10.38.

நெல்லையில் இருந்து வந்த ரெயில் மணியாச்சி ஜங்ஷனில் நின்றது. முதல் வகுப்புப் பெட்டியில் நெல்லை ஜில்லா கலெக்டர் ஆஷ் துரையும் அவர் மனைவியும் இருந்தார்கள். கோடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பயணம். தூத்துக்குடியில் இருந்து வரும் போட் மெயிலுக்கு இன்னும் 10 நிமிடம் இருந்தது.

குடுமி வைத்த இளைஞர் ஒருவர் பெட்டியில் ஏறினார். அவர் கையில் பிரவுனிங் கைத்துப்பாக்கி! குண்டு ஆஷின் மார்பில் பாய்ந்தது. சுட்டவர் பிளாட்பாரத்தில் ஓடி, அங்கிருந்த கக்கூசுக்குள் புகுந்துகொண்டார். கதவைத் திறந்தபோது அவர் பிணமாகக் கிடந்தார். துப்பாக்கியைத் தன் வாய்க்குள் வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தார். ஆஷின் உயிர், நெல்லைக்குத் திரும்பக் கொண்டுசெல்லும் வழியில் பிரிந்தது.

இறந்தவர் செங்கோட்டை வாஞ்சி. வயது 25. புனலூரில் காட்டு இலாகாவில் வேலை பார்த்தவர்.

யார் சுட்டது என்பதில் சந்தேகம் இல்லை. ஏன் சுட்டார்? அதில்தான் நூறு ஆண்டுகள் கடந்தும் சச்சரவு ஓயவில்லை.

வ.உ.சி.க்காகவா?

நெல்லைச் சீமையில் அதிகம் பேர் சொல்லும் காரணம் இது: "கப்பலோட்டிய தமிழரைச் சிறையில் தள்ளியதற்குப் பழி."

காரணம் இல்லாமல் இல்லை. 1908 மார்ச் 12-ந் தேதி வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் நெல்லை கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் மாண்டார்கள். ஆனால் அன்று நெல்லை கலெக்டர் ஆஷ் அல்ல, விஞ்ச் துரை. ஆஷ் அப்போது தூத்துக்குடியில் சப்-கலெக்டர். சுதேசிக் கப்பல் கம்பெனிக்கும் கோரல் மில் வேலைநிறுத்தத்துக்கும் அவர் விரோதி என்ற பெயர் ஊரில் நிலைத்துவிட்டது. கொலை நடந்தபோது வ.உ.சி. கண்ணனூர் சிறையில் இருந்தார்.

இன்னொரு கதை

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. பேறுகால வேதனையில் துடித்த தாழ்த்தப்பட்ட பெண் ஒருத்தியை ஆஷ் அக்கிரகாரத் தெரு வழியே வண்டியில் கொண்டுபோனாராம். அந்த ஆத்திரமே குண்டாகப் பாய்ந்ததாம். குற்றால அருவியில் எல்லோரும் குளிக்கலாம் என்று அவர் உத்தரவிட்டார் என்றும் சொல்வார்கள். பாளையங்கோட்டையில் உள்ள ஆஷின் கல்லறைக்கு, அவர் இறந்த நாளில் மாலையோடு வருகிறவர்கள் இந்தக் கதையை நம்பி வருகிறார்கள்.

அன்றைய தெருக்களில் யார் நடக்கலாம், யார் நடக்கக் கூடாது என்று இருந்தது பொய்யா? இல்லை. அந்தக் காயத்தில் இருந்து பிறந்த கதை இது. ஆனால் வழக்கில் இதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. சம்பவம் செங்கோட்டையில் நடந்தது என்பார்கள் சிலர். அன்று செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956-ல்தான் தமிழகத்தோடு இணைந்தது. நெல்லை கலெக்டரின் அதிகாரம் அங்கே செல்லாதே!

கடிதம் சொல்வது என்ன?

வாஞ்சியின் பையில் ஒரு கடிதம் இருந்தது. அதில் வ.உ.சி. பெயர் இல்லை. கப்பல் இல்லை, மில் இல்லை. ஆஷின் பெயர்கூட இல்லை! ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு லண்டனில் முடிசூட்டு விழா நடக்க 5 நாளே இருந்த நேரம் அது. ராமனும் கிருஷ்ணனும் சிவாஜியும் ஆண்ட நாட்டில், பசு மாமிசம் தின்னும் மிலேச்சனுக்கு முடிசூட்டுவதா என்று கடிதம் கொதிக்கிறது. மன்னர் இந்தியாவில் கால்வைத்ததும் அவரைக் கொல்ல 3 ஆயிரம் பேர் சபதம் செய்திருப்பதாகவும் சொல்கிறது.

கடிதத்தில் 'ஜார்ஜ் பஞ்சமன்' என்று வருவதைச் சாதிப் பெயராகப் படிப்பவர்கள் உண்டு. பஞ்சமன் என்றால் வடமொழியில் ஐந்தாமவன். ஐந்தாம் ஜார்ஜ் என்றே அங்கே பொருள் கொள்ள வேண்டும். அதற்காகக் கடிதத்தில் மத வெறுப்பு இல்லை என்று சாதிக்க முடியாது. சனாதன தர்மத்தைக் காப்பதே அது சொல்லும் நோக்கம். வாஞ்சியைப் போற்றுகிறவர்கள் இந்தப் பகுதியை மெல்லத் தாண்டிப்போகிறார்கள். அவரை வெறும் சாதி வெறியர் என்று தூற்றுகிறவர்களோ, கடிதத்தின் குறி லண்டனில் இருந்த மன்னர் என்பதைத் தாண்டிப்போகிறார்கள்.

3 ஆயிரமும் 14-ம்

3 ஆயிரம் பேர் எங்கே? போலீசார் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி என்று வலைவீசினார்கள். தர்மராஜ ஐயர் விஷம் குடித்து இறந்தார். வெங்கடேசுவர ஐயர் கழுத்தை அறுத்துக்கொண்டு மாண்டார். இருவர் அப்ரூவர் ஆனார்கள். கடைசியில் சென்னை ஐகோர்ட்டில் கூண்டில் நின்றவர்கள் 14 பேர். 1912 பிப்ரவரியில் தீர்ப்பு. முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டு, வாஞ்சியின் மைத்துனர் சங்கரகிருஷ்ணனுக்கு 4 ஆண்டு. 5 பேர் விடுதலை. மூன்று நீதிபதிகளில் ஒருவரான சங்கரன் நாயர் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

சதி இருந்தது உண்மை. அதன் அளவுதான் பெரிதாக்கப்பட்டது. அதை முதலில் பெரிதாக்கியவர் வாஞ்சியேதான்!

துப்பாக்கிப் பயிற்சி அளித்தவராகச் சொல்லப்படும் வ.வே.சு. ஐயர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுவையில் வசித்தார். பிரிட்டிஷ் போலீசார் அங்கே கைவைக்க முடியாது. லண்டனில் சாவர்க்கரோடு பழகியவர் அவர். 1909 டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சனைச் சுட்டதும் பிரவுனிங் துப்பாக்கிதான். பின்னாளில் ஐயர் தாமிரபரணிக் கரைக்கே வந்து, சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். 1925 ஜூன் 3-ந் தேதி பாபநாசம் அருவியில் விழுந்த மகளைக் காப்பாற்றப் பாய்ந்தார். மகளோடு அவரும் போனார். அவருக்குத் தெரிந்ததும் அவரோடு போயிற்று.

அன்று மணியாச்சி பிளாட்பாரத்தில் வாஞ்சியோடு இன்னொருவரும் வந்தார். வேட்டி கட்டிய இளைஞர். சத்தம் கேட்டதும் கூட்டத்துக்குள் ஓடிவிட்டார். ஓட்டப்பிடாரம் மாடசாமிதான் அவர் என்று போலீசார் தேடினார்கள். கடைசிவரை மாடசாமி பிடிபடவே இல்லை.