வேலை கடல் கடந்தால் கூலி யாருக்கு ஏறும்?

1690-இல் செஞ்சிக் கோட்டையில் இருந்துகொண்டு முகலாயரோடு மல்லுக்கட்டிய மராட்டிய அரசர் ராஜாராமின் ஆட்சியிடமிருந்து, கடலூர் பக்கத்துத் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. எல்லையை அளந்த விதம்தான் வேடிக்கை. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட வேண்டும். குண்டு விழும் இடம்வரை கம்பெனிக்கு. அந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் நிலைத்தது. நல்ல பீரங்கியாகத் தேடிப் பிடித்திருப்பார்கள்!

இந்தக் கரையில் கம்பெனி தேடியது முக்கியமாகத் துணியை. படிகாரம் ஏற்றிய பருத்தியில் சாயவேரின் சிவப்பு கெட்டியாகப் பற்றிக்கொள்ளும், துவைத்தாலும் போகாது. அந்தக் கைப்பக்குவம் அன்று ஐரோப்பாவில் பரவலாக இல்லை. என்ன பூ, என்ன நீளம் என்று லண்டனிலிருந்து எழுதி வரும். வணிகர் வழியாக நெசவாளிக்கு முன்பணம் போகும். அவுட்சோர்சிங்கின் பாட்டன் என்று தாராளமாகச் சொல்லலாம்.

லண்டன் நெசவாளிகள் சும்மா இருக்கவில்லை. 1719-இல், சீட்டி எனப்படும் இந்தப் பூப்போட்ட துணியை உடுத்திய பெண்கள்மீது மையும் அமிலமும் வீசினார்கள். 1721-இல் நாடாளுமன்றம் பெரும்பாலான சீட்டித் துணிகளை உடுத்தவே தடை போட்டது.

இது வேலையை இழந்த பக்கத்தின் கோபம். வேலை வந்து சேரும் பக்கம் என்ன ஆகும்? ஏழை நாட்டுக்கு வேலை வந்தால் அங்கே சாதாரணத் தொழிலாளியின் கூலி ஏறும், ஏற்றத்தாழ்வு குறையும் என்பது பழைய பொருளியல் கணக்கு. 1980-களில் அமெரிக்கக் கம்பெனிகளின் வேலை மெக்சிகோவுக்குப் போனபோது கணக்கு தப்பியது. எல்லையின் இரு பக்கமும், மற்றவர்களோடு ஒப்பிட்டால், திறன் கூடியவர்களின் கூலியே உயர்ந்தது. 1996-இல் ஃபீன்ஸ்ட்ரா, ஹான்சன் என்ற இரு பொருளியலாளர்கள் இதற்கு விளக்கம் சொன்னார்கள். 'ஏ' பிரிவில் கடைசி மார்க் வாங்கும் மாணவனை 'பி' பிரிவுக்கு மாற்றுகிறோம். அங்கே அவன்தான் முதல். இரண்டு பிரிவின் சராசரியும் ஏறிவிடும்! அமெரிக்காவில் அடிமட்டமாக இருந்த வேலை மெக்சிகோவில் மேல்மட்ட வேலை. அதனால் இரு பக்கமும் திறனுக்குக் கிராக்கி.

இன்று அதே செஞ்சிக்கு வடக்கே செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டையில் தைவான் நிறுவனம் ஒன்று நைக்கிக்கு ஷூ தயாரிக்கிறது. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரப் பெண்கள். கம்பெனி பஸ் ஏறும் மகளுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு, களை பறிக்கப் போகும் அம்மாவுக்கு அன்றாடக் கூலிதான். குடும்பத்துக்கு வருமானம் கூடியது உண்மை. ஒரே வீட்டுக்குள் இடைவெளி விழுந்ததும் உண்மை.

ஷூ வேலை ஜப்பான், கொரியா, தைவான், சீனா, வியட்நாம் என்று மலிவான கூலியைத் தேடி நகர்ந்து வந்த ஒன்று. இங்கும் கூலி ஏறினால் மறுபடி நகரலாம். அதற்குள் இந்தப் பெண்களில் எத்தனை பேர் தையல் வரிசையை விட்டு சூப்பர்வைசராகவும் மெஷின் பராமரிப்பவராகவும் மேலே போகிறார்கள் என்பதைத்தான் நான் கவனிப்பேன்.