திண்டிவனத்துக்குக் கிழக்கே ஒரு கடல் வாசல்

திண்டிவனம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பைபாஸ் ரோடு, டீக்கடை, 'பத்து நிமிஷம் நிக்கும்' என்று கத்தும் கண்டக்டர். அங்கிருந்து கிழக்கே முப்பது சொச்சம் கிலோமீட்டர் போனால் மரக்காணம். விழுப்புரம் மாவட்டத்தின் கடல் வாசலே அங்கேதான் சார் இருக்கிறது!

மரக்காணத்துக்கு வடக்கே எடையன்திட்டு முகத்துவாரம். அதன் வழியாக உள்ளே வரும் கடல், உப்பங்கழியாக நீண்டு கழுவேலி ஏரியைத் தொடுகிறது. நான் பி.காம். ஆசாமி, எனக்கு இது ஒரு வரவு செலவுக் கணக்காகத்தான் தெரிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர் கடலுக்குப் பற்று. மழை ஓய்ந்ததும் உப்புத் தண்ணீர் ஏரிக்கு வரவு. இந்தக் கணக்கில்தான் இறாலும் மீனும், வெளியூர்ப் பறவைகளும் பிழைக்கின்றன. 2021-ல் கழுவேலி பறவைகள் சரணாலயமானது. பக்கத்திலேயே உப்பளம். பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் தென்கோடி மரக்காணம்தான்.

பழைய கதைக்கும் பஞ்சமில்லை. சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்பது ஆராய்ச்சியாளர்கள் பலரின் கருத்து. அலை ஒதுக்கிய வாசனை மரங்கள், படுத்துத் தூங்கும் ஒட்டகம் மாதிரிக் கிடந்ததாம்! அந்த ஊரை ஆண்ட நல்லியக்கோடனின் தலைநகர் கிடங்கில், இன்றைய திண்டிவனத்தை ஒட்டித்தான் இருந்தது.

முகத்துவாரத்துக்கு வடகரையில் ஆலம்பரைக் கோட்டை. 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1760-ல் வெள்ளைக்காரன் பிடித்து இடித்தான். மிச்சத்தில் கொஞ்சத்தை 2004 சுனாமி பார்த்துக்கொண்டது.

இப்போது புதுச் சிக்கல். முகத்துவாரத்தின் இரண்டு கரையிலும், அழகன்குப்பத்திலும் ஆலம்பரைக்குப்பத்திலும், மீன்பிடித் துறைமுகம் கட்ட அரசு திட்டம் போட்டது. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. படகை நிறுத்தப் பத்திரமான இடம் வேண்டும் என்று மீனவர் கேட்பது நியாயம்தானே? ஆனால் நம் கிழக்குக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். குறுக்கே கல்லைக் கொட்டினால் தென்பக்கம் மணல் சேரும். வடபக்கம் கரை கரையும். 1980-களின் கடைசியில் பாண்டிச்சேரி துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டியபோது நடந்தது அதுதான். ஊரின் மணற்கரை போய், கருங்கல் குவியல் வந்தது.

எடையன்திட்டுக்கு வடக்கே என்ன இருக்கிறது? குப்பங்களும், மிச்சமிருக்கும் அந்தக் கோட்டையும். கடலோடு கணக்கு வைக்கிறவர்கள் பக்கத்து ஊர் லெட்ஜரை ஒரு தரம் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் தேவலை.