மண்ணுக்குள் பருக்கும் தண்டு

உருளைக்கிழங்கை வீட்டில் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள், முதலில் ஒரு கிழங்கைக் கையில் எடுத்து உற்றுப் பார்க்க வேண்டும். தோலில் இருக்கும் கண்கள் சுருள்வரிசையில் அமைந்தவை. ஒரு நுனியில் நெருங்கியும் மறுநுனியில் விலகியும் இருக்கும். ஒவ்வொரு கண்ணும் ஒரு கணு, அதற்குள் மொட்டுகள். சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் பருத்த வேர்கள். உருளை, பருத்த தண்டு. இது பிடிபட்டால் வளர்ப்பு முறையில் பாதி தானே விளங்கிவிடும்.

விதைக்கிழங்கு முளைத்ததும் ஒரு தண்டு மேலே போய் இலை விடும். அதன் அடிக்கணுக்களிலிருந்து வெளுத்த மெல்லிய கிளைகள் மண்ணுக்குள் பக்கவாட்டில் ஓடும். அவற்றின் நுனி பருத்தே கிழங்காகிறது. ஆகவே புதுக் கிழங்குகள் விதைத்த கிழங்குக்கு மேலேதான் உருவாகின்றன. அந்தக் கிளை வெளிச்சத்தைக் கண்டுவிட்டால் கிழங்கு வைக்காமல் இலைத்தண்டாக மாறிவிடும். மண் அணைப்பதை நம் விவசாயிகள் விடாமல் செய்வது இதனால்தான். செடி ஒரு சாண் வளர்ந்ததும் ஒரு முறை, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுமுறை, அடித்தண்டு மூடும்படி மண்ணை ஏற்ற வேண்டும். பையில் வளர்ப்பவர்கள் விளிம்பைச் சுருட்டிவிட்டுப் பாதிக்குக் கீழாக மண்ணும் தொழு உரமும் நிரப்பிக்கொண்டால், பிறகு மேலே சேர்த்துக்கொள்ளலாம். ஆளுயரத்துக்கு மண்ணை ஏற்றினால் அவ்வளவு உயரத்துக்கும் கிழங்கு வைக்கும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். பெரும்பாலான ரகங்களில் கீழ்க்கணுக்கள் சிலவற்றில்தான் கிழங்கு பிடிக்கும்.

அடுத்தது குளிர். எப்போது பருக்கலாம் என்ற சேதி இலைகளிலிருந்துதான் கீழே போகிறது. இரவு வெக்கையாக இருந்தால் அந்தச் சேதி தடைப்படும். பகலில் சேர்த்த மாவுச்சத்தையும் செடி சுவாசத்தில் செலவழித்துவிடும். தழை செழித்து நிற்கும், அடியில் ஒன்றும் இருக்காது. இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இருப்பது நல்லது. அதனால் சமவெளியில் ஐப்பசிக் கடைசியிலோ கார்த்திகையிலோ நட்டு, மார்கழிப் பனியில் கிழங்கு பருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஓசூருக்கு இது எளிது. சென்னை மாடியில் விளைச்சல் குறைவாகவே இருக்கும்.

விதையில் கவனம் மிக முக்கியம். குளிர்பதனக் கிடங்கிலிருந்து கடைக்கு வரும் கிழங்கில் முளைப்பை அடக்கும் மருந்து பட்டிருக்கலாம், வைரஸும் இருக்கலாம். குஃப்ரி ஜோதி போன்ற ரகத்தின் விதைக்கிழங்கு, கோழிமுட்டை அளவில், ஒன்று 40 முதல் 50 கிராம் எடையில் கிடைத்தால் நல்லது. அதை நேர்வெயில் படாத வெளிச்சத்தில் பரப்பி, குட்டையான தடித்த முளைகள் வந்தபின் நடுங்கள். நீலகிரிக் கிழங்கை மட்டும் விதையாக எடுக்காதீர்கள். உருளைச் செடியின் வேரைத் தாக்கும் பொன்னிற நூற்புழு 1961இல் அந்த மலையில் கண்டறியப்பட்டது. அதன் முட்டைகள் தடித்த கூட்டுக்குள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். தோலில் ஒட்டிய மண்ணோடு அது பரவிவிடக்கூடாது என்பதற்காகவே அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. அந்தத் தடையை நாம் மதிக்க வேண்டும். சமைக்க எந்தத் தடையும் இல்லை, ருசியிலும் குறைவில்லை.

தக்காளி, கத்தரியின் உறவு என்பதால் அவை வாடல் நோயில் போன மண்ணில் இதை நடக்கூடாது. மூன்று மாதம் கடந்து தழை மஞ்சளானதும் நீரை நிறுத்துங்கள். பத்து நாள் போனால் தோல் முற்றிவிடும். பெருவிரலால் தேய்த்தால் உரியாது. தோண்டியதை நிழலில் உலர்த்தி இருட்டில் வையுங்கள். தண்டாயிற்றே, வெளிச்சம் பட்டால் பச்சையம் வரும். கூடவே சோலனைன் என்ற நஞ்சும் கூடும். அது வேகவைத்தாலும் போகாது. பச்சை படர்ந்த கிழங்கைச் சமைக்காமல் எறிந்துவிடுவதே சரி.

மிஞ்சியதை அடுத்த கார்த்திகைக்கு விதையாக வைக்கவும் வேண்டாம். நம் கோடையில் அது சுருங்கியோ அழுகியோ போகும், வைரஸும் ஆண்டுக்கு ஆண்டு பெருகும். விதையைப் புதிதாக வாங்குங்கள். விளைந்ததை அந்தப் பருவத்திலேயே தோலோடு வேகவைத்துச் சாப்பிடுங்கள்.